உளவியல் ஆய்வைச் செய்து பழக: டெல்டா மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் உளவியல், சமூகப்பணி, கல்வியியல், செவிலியம் படிப்பவர்கள் இறுதியாண்டில் ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், இணையத்தில் கிடைத்த ஒரு வினாத்தாளை அரைகுறையாகத் தமிழாக்கி, கூகுள் படிவத்தில் ஏற்றி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அறுபது பேர் நிரப்பியதும் சதவீதம் கணக்கிட்டு பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்த அறுபது பேரைப் பற்றிக்கூட அதிலிருந்து ஒன்றும் தெரியவராது.

முறையியல் பாடத்தில் வரும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ நல்ல ஆய்வாளர் ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. விதியை அந்தக் கதையோடு சேர்த்துப் படித்தால் எங்கே வளைக்கலாம், எங்கே வளைக்கவே கூடாது என்பது தெரிந்துவிடும். அதனால் இங்கே வரலாறு தனி, செய்முறை தனி என்று பிரிக்கவில்லை.

அளக்கத் தொடங்கிய கதை, சுருக்கமாக

மனத்தைப் பற்றிய சிந்தனை நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் தருகிறது. கூர்மையான கவனிப்பு, நேர்த்தியான வகைப்பாடு. ஆனால் எட்டா, ஒன்பதா என்று இருவர் வாதிட்டால் யார் சொல்வது சரி என்று தீர்க்க அதில் வழி இல்லை. அந்த வழியைத் தேடியதுதான் சோதனை உளவியல்.

1860இல் குஸ்தாவ் ஃபெக்னர், வெளித் தூண்டலுக்கும் உள்ளுணர்வுக்கும் உள்ள உறவை எண்ணால் சொல்ல முடியும் என்று காட்டினார். 1868இல் டச்சுக்காரர் டோண்டர்ஸ், எளிய எதிர்வினைக்கு ஆகும் நேரத்தைத் தேர்வு செய்து எதிர்வினையாற்ற ஆகும் நேரத்திலிருந்து கழித்து, 'தேர்வு செய்ய' எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டார். 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக்கில் ஆய்வுக்கூடம் அமைத்தார். பாடநூல்கள் அந்த ஆண்டையே துறையின் பிறந்த ஆண்டாகச் சொல்கின்றன. இந்தியாவில் 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தா தலைமையில் தனித் துறை வந்தது. 1924இல் மைசூர் தொடர்ந்தது.

முதல் பெரிய சறுக்கல் அகநோக்கு முறையில் நேர்ந்தது. பயிற்சி பெற்றவர்கள் தம் மனத்துக்குள் நடப்பதைத் தாமே கவனித்துச் சொல்ல வேண்டும். கார்னெலில் டிட்செனரின் மாணவர்கள், எண்ணம் என்றாலே உள்ளே ஏதோ ஒரு படிமம் இருக்கிறது என்றார்கள். வூர்ஸ்பர்க் ஆய்வாளர்களோ, படிமமே இல்லாத எண்ணமும் உண்டு என்றார்கள். ஒருவர் மனத்துக்குள் இன்னொருவர் புகுந்து பார்க்க முடியாது என்பதால் வழக்குத் தீரவே இல்லை. 1913இல் ஜான் வாட்சன், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்று அறிவித்ததற்கு இந்த அலுப்பும் ஒரு காரணம். நாற்பது ஆண்டு கழித்து நினைவு, கவனம் எல்லாம் ஆய்வுக்குத் திரும்பின. ஆனால் இப்போது அவற்றை அளக்கும் வழிகளோடு வந்தன.

உங்கள் புராஜெக்ட்டுக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு விதி. கேள்வியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எப்படி அளப்பீர்கள் என்று எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். 'செல்போன் மாணவர்களைப் பாதிக்கிறதா?' என்பது கேள்வியே அல்ல. 'இரவு 10 மணிக்கு மேல் திரையில் செலவான நிமிடங்கள், மறுநாள் காலை 9 மணிக்கு வைக்கும் எண் வீச்சுத் தேர்வின் மதிப்பெண்ணோடு தொடர்புடையனவா?' என்பது கேள்வி. நிமிடங்களை அவர் வாய்மொழியாகக் கேட்டு வாங்காதீர்கள். போன் அமைப்புகளில் திரை நேரம் பதிவாகியிருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். எண் வீச்சு என்ன என்று கீழே வருகிறது.

முதல் பயிற்சி: எட்டு டம்ளர் காபி

கும்பகோணத்தில் டிகிரி காபியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பாலில் டிகாக்‌ஷனை விட்டால் ஒரு ருசி, டிகாக்‌ஷனில் பாலை விட்டால் வேறு ருசி என்று அடித்துச் சொல்லும் ஒருவர் கட்டாயம் கிடைப்பார். அவரை விட்டுவிடாதீர்கள். ரொனால்ட் ஃபிஷர் 1935இல் எழுதிய நூலில் சோதனை வடிவமைப்பின் அடிப்படைகளை விளக்க எடுத்துக்கொண்டது இதே வழக்குதான். அங்கே பேச்சு தேநீரைப் பற்றி. பால் முதலில் விட்டதா, தேநீர் முதலில் விட்டதா என்று தன்னால் சொல்ல முடியும் என்றவர், அவரோடு பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல்.

வேண்டியவை: ஒரே அச்சில் வார்த்த எவர்சில்வர் டம்ளர் 8, அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பால், 160 மில்லி டிகாக்‌ஷன், மில்லி கோடு போட்ட சின்னக் குவளை, சமையல் வெப்பமானி, கனமான மூடி 8, சீட்டு 8. ஆள் இரண்டு பேர்: கலப்பவர் ஒருவர், பரிமாறுபவர் ஒருவர்.

டம்ளரின் அடியில் 1 முதல் 8 வரை எண் ஒட்டுங்கள். நான்கு சீட்டில் 'பால் முதல்', நான்கில் 'டிகாக்‌ஷன் முதல்' என்று எழுதி மடித்துக் குலுக்கி, எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்து, எந்த டம்ளருக்கு எது என்று கலப்பவர் மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். 'ஒன்று விட்டு ஒன்று' என்று மனத்தால் வரிசை போடக் கூடாது. மனிதன் போடும் வரிசையில் ஒரு ஒழுங்கு வந்துவிடும், ருசி பார்ப்பவர் அதைப் பிடித்துவிடுவார். ஒவ்வொன்றிலும் 60 மில்லி பால், 20 மில்லி டிகாக்‌ஷன். சர்க்கரை வேண்டாம், ஆற்றவும் வேண்டாம்.

கெட்டுப்போகும் இடம் இங்கேதான். வெறும் எவர்சில்வர் டம்ளரில் விட்ட 20 மில்லி டிகாக்‌ஷன் ஒரு நிமிடத்தில் நன்றாக ஆறிவிடும். பாலை விடத் தாமதித்தால் அந்த நான்கு டம்ளரும் சூடு குறைந்து நிற்கும். உங்கள் நிபுணர் எட்டையும் சரியாகச் சொல்வார். கண்டுபிடித்தது ருசியை அல்ல, சூட்டை. ஆகவே முதல் திரவத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே பத்து நொடிக்கு மேல் போகக் கூடாது, எட்டும் 60 டிகிரிக்கு வந்த பிறகே பரிமாற வேண்டும். இரண்டாவதாக விடுவதை எந்த உயரத்திலிருந்து விடுகிறோம் என்பதைப் பொறுத்து நுரையும் மாறும். உயரத்தை ஒன்றாக்கி, மூடி போட்டு நுரை அடங்க விடுங்கள். முறையியல் நூல்கள் குழப்பும் மாறி என்று சொல்வது இந்தச் சூட்டையும் நுரையையும்தான்.

கலந்தவர் அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும். பரிமாறுபவருக்கு எது எது என்று தெரியக் கூடாது. இந்தக் கறாருக்குக் காரணம் ஒரு குதிரை. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லி ஊரையே வாய்பிளக்க வைத்தது. அதன் உரிமையாளர் மோசடிக்காரர் அல்ல. அவர் இல்லாதபோது வேறு ஆள் கேட்டாலும் குதிரை விடை சொன்னது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாகச் சோதித்து 1907இல் வெளியிட்டது: கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. கேட்பவரைப் பார்க்க முடியாமல் மறைத்தாலும் தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு நிமிர்வதை அது பார்த்துக்கொண்டிருந்தது. 1963இல் ராபர்ட் ரோசன்தாலும் ஃபோடும், சாதாரண எலிகளையே சில மாணவர்களிடம் 'கெட்டிக்கார இனம்' என்றும் மற்றவர்களிடம் 'மந்தமான இனம்' என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். கெட்டிக்கார எலி என்று நம்பியவர்களின் எலிகள்தான் நன்றாகக் கற்றதாகப் பதிவாயின. எலிக்கே இந்தக் கதி என்றால், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லும் வகுப்புத் தோழரைக் கேட்க வேண்டுமா?

ருசி பார்ப்பவரிடம் நான்கு இப்படி, நான்கு அப்படி என்று சொல்லிவிடுங்கள். ஒரு வாய் குடித்ததும் வெந்நீரால் கொப்பளிக்கட்டும். திரும்ப ருசி பார்க்க அனுமதி உண்டு. அவர் முடிவை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே சீட்டுக் கணக்கைத் திறக்க வேண்டும்.

இப்போது கணக்கு. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி உண்டு. ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னால் நான்கும் சரியாக அமைய 70இல் 1 வாய்ப்பு, அதாவது 1.4 சதவீதம். நான்கில் மூன்று சரி என்றால்? மூன்றோ அதற்கு மேலோ சரியாக வர 70இல் 17 வழி, 24 சதவீதம். ஆகவே 'மூணு கரெக்டா சொன்னாரே' என்பது ஆதாரமே ஆகாது. டம்ளரை ஆறாகக் குறைத்தால் முழுச் சரிக்கான தற்செயல் வாய்ப்பு 20இல் 1, ஐந்து சதவீதம். அதற்கும் கீழே போனால் சோதனையே வீண். எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதைத் தரவு சேகரிக்கும் முன்பே ஏன் தீர்மானிக்க வேண்டும் என்று இந்தக் கணக்கைப் போட்டவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நினைவுச் சோதனை: சொற்பட்டியல் தயாரிப்பதே பாதி வேலை

1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் நினைவைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் பரிசோதனைக்குள்ளானவர் ஒரே ஆள், அவரேதான். பழைய அனுபவம் குறுக்கிடாமல் இருக்கப் பொருளற்ற அசைகள் சுமார் 2,300 உருவாக்கி மனப்பாடம் செய்தார். திரும்பக் கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமானது என்பதுதான் அவருடைய அளவை: 20 நிமிடம் கழித்து 58 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, ஆறு நாளில் 25, ஒரு மாதத்தில் 21. மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது.

தமிழில் பொருளற்ற அசை உருவாக்குவது நினைப்பதைவிடக் கஷ்டம். கண், பல், கால், நெய் என்று ஓரசைச் சொற்கள் நம்மிடம் கொட்டிக்கிடக்கின்றன. வல்லின மெய்யில் முடித்தால் தப்பிக்கலாம் என்று பார்த்தால், 'வேப்' என்றதும் வேப்பிலை வந்துவிடும், 'தூக்' என்றதும் தூக்கு. 'கும்' என்பதைக் கும்பகோணத்து மாணவரிடம் கொடுத்துவிட்டுப் பொருளற்ற அசை என்று சொல்ல முடியுமா? 40 அசை எழுதி, சோதனையில் கலந்துகொள்ளாத பத்துப் பேரிடம் ஒவ்வொன்றுக்கும் என்ன நினைவுக்கு வருகிறது என்று கேளுங்கள். மூன்று பேருக்கு மேல் ஏதாவது சொன்னால் அந்த அசையைக் கழித்துவிடுங்கள். பாதி போய்விடும்.

முதல்முறை செய்பவர்களுக்கு அசையைவிடச் சாதாரணச் சொல்லே நல்லது. 'ஒரே மூச்சில் படிப்பதா, இடைவிட்டுப் படிப்பதா?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 16 சொற்கள். நாற்று, வரப்பு, கலப்பை மூன்றையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றைச் சொன்னதும் மற்றதையும் கோத்துவிடுவார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத மூன்றெழுத்து, நான்கெழுத்துப் பெயர்ச்சொற்களாகப் பாருங்கள்.

52 மாணவர்கள், குழுவுக்கு 26. ஜேக்கப் கோஹனின் கணக்குப்படி, இரு குழுக்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தால் அதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க இத்தனை பேர் தேவை. நடுத்தர வேறுபாடு என்றால் குழுவுக்கு 64. பத்துப் பேரை வைத்து 'வேறுபாடு இல்லை' என்று எழுதும் புராஜெக்ட்டுகள், வேறுபாடு இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

குழு பிரிப்பது சீட்டுக் குலுக்கித்தான். 'முதலாமாண்டு ஒரு குழு, இரண்டாமாண்டு ஒரு குழு' என்றோ, 'முன் பெஞ்ச், பின் பெஞ்ச்' என்றோ பிரித்தால், வந்த வேறுபாடு படிக்கும் முறையாலா, ஆட்களாலா என்று சொல்ல முடியாது. பலரும் சோம்பி விட்டுவிடும் படி இது. ஆய்வின் பலம் முழுதும் இதில்தான் இருக்கிறது.

இடைவிட்டுப் படிக்கும் குழுவுக்கு ஒரு சுற்று, பத்து நிமிடம் கூட்டல் கணக்கு, அடுத்த சுற்று, மறுபடி பத்து நிமிடம் கணக்கு, கடைசிச் சுற்று. ஒரு சொல்லுக்கு 2 நொடி, சுற்றுக்கு 32 நொடி. ஒரே மூச்சுக் குழுவை நேரடியாக மூன்று சுற்றுப் படிக்கவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவர்களும் முதலில் 20 நிமிடம் அதே கணக்கைப் போட்டுவிட்டுக் கடைசியில் மூன்று சுற்றையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். அப்போதுதான் களைப்பும், கடைசியாகப் பட்டியலைப் பார்த்த நேரமும் இரு குழுவுக்கும் ஒன்றாக இருக்கும். இரண்டு அறை தேவைப்படும். பாதிப் பேரை முடித்ததும் அறைகளை மாற்றிக்கொள்ளுங்கள். மார்கழியில் செய்தால் கோயில் ஒலிபெருக்கி எந்த அறை ஜன்னலைப் பார்த்திருக்கிறது என்பதும் ஒரு மாறிதான்.

தேர்வு 24 மணி நேரம் கழித்து. வெள்ளைத்தாள், ஐந்து நிமிடம், எந்த வரிசையிலும் எழுதலாம். தேர்வு உண்டு என்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஆனால் 'நாளையும் பத்து நிமிடம் வர வேண்டும்' என்று ஒப்புதல் படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும். விடுதி அறைத் தோழர்கள் இரவில் பட்டியலைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள், அதைத் தடுக்க முடியாது. கடைசியில் 'யாருடனாவது பேசினீர்களா?' என்று ஒரு கேள்வி வையுங்கள். மறுநாள் வராதவர்களைக் குழுவாரியாக எண்ணிக் குறியுங்கள். ஒரு குழுவிலிருந்து எட்டுப் பேர், மற்றதிலிருந்து ஒருவர் என்று போயிருந்தால் சராசரியை நம்ப முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் ஐந்து பேரை வைத்து முன்னோட்டம். சராசரி 16க்கு ஏழெட்டு வந்தால் பட்டியல் சரி. 14 வந்தால் எல்லோரும் உச்சியில் போய் முட்டுகிறார்கள். 2 வந்தால் எல்லோரும் தரையில் கிடக்கிறார்கள். இரண்டிலும் வேறுபாடு தெரிய இடமே இல்லை. 'குயவன்' என்ற சொல்லை 'குயவர்' என்று எழுதினால் மதிப்பெண் உண்டா என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். திருத்துபவருக்குத் தாள் எந்தக் குழுவுடையது என்று தெரியக் கூடாது.

சீட்டுக் குலுக்க முடியாத கேள்விகள்: அறுவடைக்கு முன்னும் பின்னும்

வறுமையைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க முடியாது. அப்போது என்ன செய்வது என்பதற்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு தமிழ்நாட்டில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களின் 464 கரும்பு விவசாயிகளை, கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய காலத்திலும் காசு வந்த பிறகும் அளந்தார்கள். அதே ஆள், காசு வந்த பிறகு, சிந்தனைத் தேர்வுகளில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார். ஆலை வெட்டு உத்தரவை மாதக்கணக்கில் பரப்பிக் கொடுப்பதால் அறுவடை ஒரே நாளில் வருவதில்லை. ஆகவே 'பொங்கல் சமயம் என்பதால் மகிழ்ச்சி' போன்ற நாள்காட்டிக் காரணங்களைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. அந்த ஆய்வின் புத்திசாலித்தனமே இதுதான்.

இதைச் சம்பா நெல்லுக்குச் செய்ய முடியுமா? தை, மாசியில் டெல்டா முழுக்க ஒரே நேரத்தில் அறுவடை. பொங்கலும் அப்போதுதான். வெறுமனே முன்னும் பின்னும் அளந்தால் பண்டிகை, வெயில், வேலை முடிந்த ஓய்வு எல்லாம் சேர்ந்துகொள்ளும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு வழி இருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, சாக்கு இருக்கிறதா, முறை எப்போது வரும் என்பதைப் பொறுத்துப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் நாள் ஆளுக்கு ஆள் மாறும். அதே வாரத்தில், அதே ஊரில், பணம் வந்தவரையும் இன்னும் வராதவரையும் ஒப்பிடலாம்.

அவசரப்படாதீர்கள். முதலில் பணம் வாங்கியவர் தலைமடைக்காரராக இருந்தால்? மேட்டூர்த் தண்ணீர் அவருக்கு முதலில் வருகிறது, நடவு முந்துகிறது, அறுவடை முந்துகிறது. கடைமடைக்காரருக்கு எல்லாமே பிந்தும். நிலமும் வசதியும்கூட வேறாக இருக்கலாம். அப்போது நீங்கள் ஒப்பிடுவது பணம் வந்தவரையும் வராதவரையும் அல்ல, தலைமடையையும் கடைமடையையும். ஆகவே ஒரே வாய்க்காலில் பாயும் ஆட்களாக எடுங்கள். நிலப் பரப்பு, சொந்தமா குத்தகையா, சங்கத்தில் நகைக்கடன் நிலுவை உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் இரண்டு முறை அளந்து அவரை அவரோடே ஒப்பிட முடிந்தால் இன்னும் நல்லது.

அளக்க எண் வீச்சுத் தேர்வு போதும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. நொடிக்கு ஒரு எண்ணாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லுங்கள்: 'ஆறு, இரண்டு, ஒன்பது'. அவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு. இரண்டும் தவறினால் நிறுத்திவிடுங்கள். கடைசியாகச் சரியாகச் சொன்ன நீளமே மதிப்பெண். பிறகு தலைகீழாகச் சொல்லும் சுற்று. ஃபோன் எண் சொல்லும் பழக்கத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள், நினைவு கூடிவிடும். இரண்டாம் முறை வரும்போது பழகிய கை என்பதாலேயே மதிப்பெண் ஏறும். இரண்டு எண் பட்டியல் வைத்துப் பாதிப் பேருக்கு முதலாவதையும் மறுபாதிக்கு இரண்டாவதையும் முதலில் கொடுங்கள். இரண்டு முறையும் பணம் வராத ஒரு சிறு குழுவையும் அளந்து வைத்தால், பழக்கத்தால் ஏறியது எவ்வளவு என்று தெரியும்.

கைக்கடிகாரத்தால் எதிர்வினை நேரம் அளக்கும் ஆசை வேண்டாம். உங்கள் கட்டைவிரலே நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிசகும். வேகம் வேண்டுமானால் முப்பது கேள்வி கொண்ட தாள் முழுவதற்கும் ஆன நேரத்தை அளங்கள்.

பார்த்துக் குறிப்பது

கூட்டம் கூடினால் உதவுபவர் குறைகிறாரா? லத்தானேயும் டார்லியும் 1968இல் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற குரல் கேட்கும். தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நம்பியவர்களில் 31 சதவீதம். நீங்கள் வலிப்பு நாடகம் போட வேண்டாம், போடவும் கூடாது. கும்பகோணம் பேருந்து நிலையத்தில் மூட்டையோடோ கைக்குழந்தையோடோ பேருந்தில் ஏறுபவரைக் கவனித்தால் போதும்.

'உதவி' என்றால் என்ன? கூட வந்தவர் அல்லாத ஒருவர், ஏறுபவரின் இரண்டு காலும் படியில் ஏறும் முன் மூட்டையையோ குழந்தையையோ கையையோ பிடித்தால் உதவி. வாயால் 'பார்த்து ஏறுங்க' என்றால் உதவி அல்ல. கண்டக்டர் பிடித்தால்? எண்ணுவதா வேண்டாமா என்று முன்பே முடிவெடுங்கள். முதல் நாள் நிலையத்தில் சும்மா நின்று இப்படிப்பட்ட இழுபறிகளைப் பட்டியலிடுவதே அந்த நாளின் வேலை.

இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பாராமல் குறிக்க வேண்டும். 50 நிகழ்வில் இருவரும் 'உதவி' என்றது 15, இருவரும் 'இல்லை' என்றது 27, முதலாமவர் மட்டும் 'உதவி' என்றது 5, இரண்டாமவர் மட்டும் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போனது 84 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சில ஒத்துப்போகும். முதலாமவர் 40 சதவீதமும் இரண்டாமவர் 36 சதவீதமும் 'உதவி' என்றிருப்பதால், தற்செயல் ஒப்பு 0.40 × 0.36 + 0.60 × 0.64 = 0.528. தற்செயல் ஒப்பைக் கழித்துவிட்டுச் சொல்லும் அளவைதான் கோஹனின் கப்பா: (0.84 − 0.528) ÷ (1 − 0.528) = 0.66. பரவாயில்லை ரகம்தான். முரண்பட்ட எட்டு நிகழ்வுகளை உட்கார்ந்து பேசினால் வரையறையில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். அதை அடைத்துவிட்டு உண்மையான தரவைப் புதிதாகத் தொடங்குங்கள். முகம் தெரிய வீடியோ எடுக்காதீர்கள்.

கேட்டு அறிவது

'முற்றிலும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை போகும், ரென்சிஸ் லைகர்ட் 1932இல் கொண்டுவந்த ஐந்து படி அளவுகோலை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், பெரும்பாலும் தவறாக. 'ஆசிரியர் அன்பாகவும் தெளிவாகவும் நடத்துகிறார்' என்பது இரண்டு கேள்வி. எல்லா வாக்கியமும் நல்லதாகவே இருந்தால், எதற்கும் 'சரிங்க' என்று சொல்லும் நம் மரியாதைப் பழக்கம் மதிப்பெண்ணாக ஏறிவிடும். பாதியை எதிர்மறையாக எழுதி, எண்ணும்போது 1ஐ 5 ஆகவும் 2ஐ 4 ஆகவும் திருப்புங்கள். வெளிநாட்டு வினாத்தாளைத் தமிழாக்கினால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். இரண்டு ஆங்கிலமும் விலகும் இடத்தில் உங்கள் தமிழ் தவறு. வினாத்தாளுக்கு உரிமை பெற வேண்டுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

யாரைக் கேட்பது என்பது அதைவிட முக்கியம். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் மாபெரும் வெற்றி பெற்றார். அதைவிட மிகச் சிறிய மாதிரியை ஒழுங்காக எடுத்த கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார். டெல்டா கிராமத்தில் இதே பிழை வேறு உருவில் வரும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், டீக்கடையிலும் மேலத்தெருவிலும் கேட்டுவிட்டுத் திரும்பினால், வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனி ஆய்விலேயே வராது. பெண்களும் வரமாட்டார்கள். எல்லாத் தெருக்களையும் சேர்த்து வீடுகளை எண்ணுங்கள். 400 வீட்டில் 40 வேண்டுமென்றால் 1 முதல் 10க்குள் ஒரு எண்ணைச் சீட்டில் எடுத்து, அங்கிருந்து பத்தாவது பத்தாவது வீடு. பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்குப் போகாமல், வேறு நேரத்தில் திரும்ப வாருங்கள். பகலில் பூட்டிக் கிடப்பது கூலி வேலைக்குப் போனவர் வீடு. மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்க மருமகளிடம் குடும்ப நிம்மதி பற்றிக் கேட்டு வாங்கும் பதில் மாமியாருக்குச் சொன்ன பதில்.

நேர்காணலில் சொல்லே தரவை மாற்றும். எலிசபெத் லாஃப்டஸும் பாமரும் 1974இல் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டி, சிலரிடம் கார்கள் 'நொறுங்க மோதிக்கொண்டபோது' என்ன வேகம் என்றும், சிலரிடம் 'தொட்டுக்கொண்டபோது' என்றும் கேட்டார்கள். முதல் குழு மணிக்கு சராசரி 40.8 மைல் என்றது, மற்றது 31.8. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலைப் பற்றிக் கேட்கப் போனால், 'எவ்வளவு பயந்தீர்கள்?' என்று தொடங்காதீர்கள். 'அன்றைக்கு ராத்திரி என்ன நடந்ததுன்னு முதலிலிருந்து சொல்லுங்க' என்று விட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள். நாளாக நாளாக நினைவு மாறும் என்பதால், இப்போது சொல்வது அன்று நடந்ததற்குச் சான்று அல்ல, அன்றைப் பற்றி இன்று இருக்கும் நினைவுக்கே சான்று. ஜமுனா பிரசாத் 1934 பீகார் நிலநடுக்கத்தையொட்டிப் பரவிய வதந்திகளை உடனுக்குடன் திரட்டினார். அதிர்வை உணர்ந்தும் சேதத்தைக் காணாத ஊர்களில், இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் ஓடின. 1935இல் அவர் வெளியிட்ட அந்தத் தரவு பின்னாளில், ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்ணங்களைப் பொருத்திக்கொள்ள மனம் வழி தேடும் என்ற ஃபெஸ்டிங்கரின் மன முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு வித்தாயிற்று. அதே வதந்திகளை ஓராண்டு கழித்துக் கேட்டுத் திரட்டியிருந்தால் அப்படிப்பட்ட தரவு கிடைத்திருக்காது. அடுத்த புயல் எச்சரிக்கையின்போது வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நேரம், தேதியோடு சேமித்து வைப்பவருக்கு நல்ல ஆய்வு கையில் இருக்கிறது. அனுப்பியவர் பெயரையும் எண்ணையும் அப்போதே அழித்துவிட வேண்டும்.

ஒப்புதல், கணக்கு, எழுத்து

ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட சோதனையில் 40 பேரில் 26 பேர், கட்டளைக்குக் கீழ்ப்படிந்து இன்னொருவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டதாகவே நம்பினார்கள். அதிர்ச்சி பொய், அவர்கள் பட்ட வேதனை மெய். இத்தகைய ஆய்வுகளைச் சுற்றி எழுந்த சர்ச்சைகளுக்குப் பிறகே ஒப்புதல் விதிகள் இறுகின. படிவத்தில் நான்கு செய்தி போதும்: என்ன செய்யச் சொல்வீர்கள், எவ்வளவு நேரம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், பெயர் எங்கும் வராது. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் இரண்டும் வேண்டும். ஆசிரியர் வகுப்பில் வந்து 'எல்லாரும் நிரப்புங்க' என்றால் அது ஒப்புதல் ஆகாது. மனவேதனை பற்றிக் கேட்கும் ஆய்வென்றால், அரசின் மனநல உதவி சேவையான டெலி மனாஸின் எண் 14416 அச்சிட்ட சீட்டு ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

இரு குழுச் சராசரியை ஒப்பிட, வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் டி சோதனை. அதே ஆளை இரு முறை அளந்தால் இணை டி சோதனை. தரவரிசை மட்டும் இருந்தால் ஸ்பியர்மேன் 1904இல் தந்த ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண்), கையாலேயே போடலாம். எட்டுப் பேரின் தர வேறுபாடுகளை வர்க்கமாக்கிக் கூட்டினால் 20 வந்தது என்றால், 1 − (6 × 20) ÷ (8 × 63) = 0.76. திரை நேரமும் குறைந்த மதிப்பெண்ணும் இப்படி ஒட்டி வந்தால், போன் படிப்பைக் கெடுத்தது என்று எழுதிவிடாதீர்கள். தூக்கம் வராதவர் போனை எடுத்திருக்கலாம்.

2015இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது 36 சதவீதத்தில்தான் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க முடிவு திரும்பக் கிடைத்தது. பல காரணங்களில் ஒன்று, தரவைப் பார்த்த பிறகு கருதுகோளை (என்ன முடிவு வரும் என்ற முன்கணிப்பை) மாற்றுவது, வேலைக்கு ஆகாத கணக்கை மறைத்து ஆனதை மட்டும் எழுதுவது. இதற்கு மருந்து எளிது. கருதுகோள், ஆள் எண்ணிக்கை, யாரை எதற்காக நீக்குவீர்கள், எந்தக் கணக்குப் போடுவீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, தரவு சேகரிப்பு தொடங்கும் முன் வழிகாட்டி ஆசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகும். பிறகு தோன்றிய கணக்குகளைப் போடலாம், ஆனால் 'பின்னர் பார்த்தது' என்ற தலைப்பில் தனியே போட வேண்டும்.

அறிக்கையில் சராசரியோடு திட்ட விலக்கத்தையும் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது), எத்தனை பேரில் தொடங்கி எத்தனை பேரில் முடிந்தது என்பதையும் தவறாமல் கொடுங்கள். முடிவு வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு வரும் தேர்வாளர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி 'குழுவை எப்படிப் பிரித்தீர்கள்?' என்பதுதான். சீட்டுகளை ஒரு கவரில் போட்டு ரெக்கார்டு நோட்டோடு எடுத்துப் போங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியலை மட்டும், மதிப்பெண் வந்த மறுநாள் கிழித்துவிடுங்கள்.